ழகரம் தமிழில் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மொழிக் கட்டுரையில், உலகிலேயே தமிழில் மட்டும்தான் ழகரம் உண்டு என்று ஒரு வரி வந்திருந்தது. மேடைகளிலும் வாட்ஸ்அப்பிலும் பலமுறை கேட்டதுதான், ஆனால் உங்கள் இதழிலும் அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலையாளத்தை எப்படி மறந்தார்கள்? மழ, புழ, வழி, கோழி என்று நாள் முழுக்க அவர்கள் பேச்சில் ழகரம் புழங்குகிறது, அதற்குத் தனி எழுத்தும் இருக்கிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும்கூட முன்பு தனி எழுத்து இருந்தது, பழைய கல்வெட்டுகளில் காணலாம். அப்புறம் ஒலி மாறிவிட்டது. நம் ஏழு கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. கோழி கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி. திராவிட மொழிகளை விட்டு வெளியே போனாலும், ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியான வால்பிரியில் இந்த ஒலி இருக்கிறது, சீனாவின் மாண்டரினில் மனிதரைக் குறிக்கும் சொல்லைப் பலர் ஏறக்குறைய நம் ழகரத்தில்தான் தொடங்குகிறார்கள், அமெரிக்கர்களில் ஒரு பகுதியினர் ரகரத்துக்கு நாக்கை மடிப்பதும் இதற்கு மிக நெருக்கம்.

பழக்கமில்லாத காதுக்கு இது பிடிபடாது என்பது உண்மை. நுனிநாக்கு மேலே வளைந்தும் அண்ணத்தில் முட்டுவதில்லை, அதனால் சிலருக்கு ர போலவும் சிலருக்கு ல போலவும் கேட்கிறது. வெளிநாட்டார் வாயில் கோழிக்கோடு காலிகட் ஆனபோது ல வந்தது, சோழமண்டலம்தான் கோரமண்டல் ஆனது என்கிறார்கள், அதில் ர. நாம் ஆங்கில எழுத்தில் இசட், எச் போட்டு ஒப்பேற்றுகிறோம், ரஷ்யப் பெயர்களை ஆங்கிலத்தில் படித்துப் பழகியவர் அதையே வேறொரு ஒலியாகப் படித்துவிடுகிறார்.

நமக்குப் பெருமை வேண்டுமென்றால் அதற்குத் தொல்காப்பியம் போதும். நுனிநாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ஒலி என்று, எழுத்தொலிகள் பிறக்கும் விதத்தைச் சொல்லும் பிறப்பியலிலேயே அது சொல்லிவிட்டது, அதுவும் ரகரத்தோடு சேர்த்து. இத்தனை நூற்றாண்டாக அந்த ஒலியை எழுத்திலும் பேச்சிலும் விடாமல் வைத்திருக்கிறோமே, எனக்கு அதுதான் பெரிது. பழத்தைப் பளம் என்கிற பிள்ளையிடம் 'இது உலகத்திலேயே நமக்கு மட்டும் உள்ள எழுத்து' என்று சொல்வதால் அதற்கு உச்சரிப்பு வந்துவிடாது, நாக்கை எங்கே வளைக்க வேண்டும், எங்கே தொடக் கூடாது என்று பொறுமையாகக் காட்டினால் வரும்.

அடுத்த இதழில் 'தமிழில் மட்டும்' என்பதற்கு ஒரு திருத்தம் போடுங்கள், மலையாளத்தின் பெயரையாவது சேர்த்து.

அன்புடன்,
ஒரு வாசகர்