ஈயை மட்டும் விட்டுருங்க சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை அறிவியல் பக்கத்துல கணக்கு மேதை ஆலன் டூரிங் பத்தி போட்டிருந்தீங்க, நல்லா இருந்துச்சு. ரெண்டு கெமிக்கல் வினைபுரிஞ்சுகிட்டே பரவுனா போதும், மிருகங்க உடம்புல கோடும் புள்ளியும் தானா வந்துரும்னு 1952லயே கணக்கு போட்டு காட்டுன மனுஷன், அதுல சண்டையே இல்ல. ஆனா கடைசில வரிக்குதிரைல இருந்து ஈ வரைக்கும் எல்லா வரிக்கும் இதே சமன்பாடுதான்ங்கற மாதிரி முடிச்சிட்டீங்களே, அங்கதான் இடிக்குது.

வாழைப்பழத்த சுத்துற அந்த குட்டி ஈயோட முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். முட்டை போட்டு மூணு மணி நேரம் ஆகறப்போ அதுல ஈவன் ஸ்கிப்ட்னு ஒரு ஜீன் ஏழு பட்டையா ஆன் ஆகியிருக்கும், ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி. பாத்தா யாருக்குமே டூரிங்தான் ஞாபகம் வரும். ஆனா ஜீனை துண்டு துண்டா பிரிச்சு பாத்தா கதையே வேற, பட்டைக்கு ஒரு ஸ்விட்ச், சில இடத்துல ரெண்டு பட்டைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வயர் இழுத்து வச்சிருக்கு. ரெண்டாவது பட்டைய எடுத்துக்கோங்க, பைக்காய்டு, ஹன்ச்பேக்குன்னு ரெண்டு புரோட்டீன் ஆன் பண்ணும், தலைப்பக்கம் ஜயன்ட், வால்பக்கம் க்ரூப்பெல்னு வேற ரெண்டு புரோட்டீன் வந்து அணைக்கும், நடுவுல தப்பிச்சு நிக்கற இத்தனூண்டு இடம்தான் அந்த பட்டை. அழகெல்லாம் இல்ல, அப்பப்போ ரூம் கட்டிக்கிட்டே போன பழைய வீட்டு வயரிங் மாதிரி.

அதுக்காக கணக்கு இல்லாம போயிடல, எனக்கு பிடிச்ச கணக்கே இங்கதான் இருக்கு. தாய் ஈ முட்டையோட தலைப்பக்கம் பைக்காய்டுக்கான ஆர்என்ஏவ, அதாவது அந்த புரோட்டீன செய்யறதுக்கான குறிப்ப, வச்சு அனுப்புது, அந்த புரோட்டீன் பரவிக்கிட்டே அழியுது, சுமார் நூறு மைக்ரான் (மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு) தள்ளி போனா மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல மிஞ்சும், இன்னொரு நூறு போனா அதுலயும் அதே பங்கு. பிளஸ் டூ பசங்க போடற எக்ஸ்பொனன்ஷியல்தான். கருவுல இருக்கற ஒவ்வொரு நியூக்ளியஸும் (ஜீன்கள் இருக்கற உட்கரு) இந்த பைக்காய்டு அளவ படிச்சுதான் நாம எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்குது, நடுப்பகுதில பக்கத்து நியூக்ளியஸுக்கும் அதுக்கும் வித்தியாசம் பத்து சதவீதம் பக்கம்தான், அதையும் சரியா படிச்சிருதுன்னு 2007ல க்ரெகர், பியாலெக்னு விஞ்ஞானிங்க எல்லாம் அளந்து காட்டுனாங்க.

டூரிங்குக்கு உதாரணம் வேணும்னா கடல்ல வாழற வரி போட்ட ஏஞ்சல் மீன் இருக்கே! அது வளர வளர பழைய வரிகளுக்கு நடுவுல புது வரி முளைக்குது, 1995ல ஜப்பான் விஞ்ஞானிங்க கோண்டோவும் அசாயும் இத டூரிங் கணக்கோட பொருத்தி காட்டுனாங்க. அதே வருஷம்தான் ஈ கருவ ஆராய்ஞ்ச நுஸ்லைன் ஃபோல்ஹார்டுக்கும் வீஷாஸுக்கும் எட்வர்ட் லூயிஸோட சேத்து நோபல் கிடைச்சுது, அவங்க பேரு உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

அடுத்த வாரம் ஒரு சின்ன திருத்தம் போடுங்க, ஈயை எடுத்துட்டு அந்த இடத்துல மீனை வச்சா போதும்.

இப்படிக்கு,
ஒரு ரிடையர்டு கணக்கு வாத்தியார்