மீத்தேனை அளக்க ஒரு சட்டம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீத்தேன்னு சொன்னாலே நம்ம ஜனங்களுக்கு டெல்டாதான் ஞாபகம் வரும். மன்னார்குடி பக்கம் நிலத்துக்கு அடியில இருந்து அந்த வாயுவை எடுக்கப்போறோம்னு கிளம்பினாங்க, இயற்கை விவசாயத்துக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா போய் எடுத்துச் சொன்னாரு, 2013 டிசம்பர்ல அந்தப் பிரச்சாரத்துக்குப் போன இடத்துலயே பட்டுக்கோட்டை பக்கம் காலமாயிட்டாரு. அப்புறம் 2020ல டெல்டாவை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு அறிவிச்சு சட்டமே வந்துச்சு. ரொம்ப சந்தோஷம். ஆனா மண்ணுக்கு அடியில கிடக்கற மீத்தேனுக்காக இவ்வளவு போராடின நாம, தினம் தினம் நம்ம தலைக்கு மேல கிளம்பிப் போயிட்டிருக்கற மீத்தேன் எவ்வளவுன்னு கேக்கவே இல்ல. அத கேக்கத்தான் இந்த லெட்டர்.

நான் இருக்கறது கொடுங்கையூர், குப்பைமேட்டுக்கு ரொம்ப பக்கம். மழை விட்ட மறுநாள் காலையில மேட்டு ஓரமா தேங்கி நிக்கற கருப்பு தண்ணிய வந்து பாருங்க, புளிச்ச மாவு பொங்கற மாதிரி குமிழ் குமிழா வந்துட்டே இருக்கும், என் பையன் சின்னதா இருக்கும்போது உள்ள மீன் இருக்குன்னு குச்சியை விட்டு கிளறுவான். மக்கற குப்பை காத்து படாம அமுங்கிக் கிடந்தா உள்ள இருக்கற நுண்ணுயிர்ங்க அத தின்னு விடற வாயு அது, அதுல பாதிக்குப் பாதி மீத்தேன். நாத்தம் வர்றத வச்சு கண்டுபிடிச்சுடலாம்னும் நினைக்காதீங்க, மீத்தேனுக்கு வாசனையே கிடையாது, நம்ம மூக்குல ஏறுறது கூட வர்ற மத்த வாயுங்கதான். வெயில் காலத்துல வெளிய நெருப்பு தெரியாது, உள்ளுக்குள்ள கனிஞ்சுகிட்டே இருக்கும், மொட்டை மாடியில காயப்போட்ட வெள்ளை யூனிஃபார்ம்ல கரி துகள் ஒட்டியிருக்கறத பாத்துதான் எங்கயோ புகையுதுன்னே தெரியும். 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு பத்திக்கிட்டு நாள்கணக்குல எரிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மேல எவ்வளவு தண்ணி அடிச்சாலும் உள்ள வாயு இருக்கறவரைக்கும் அது லேசுல அடங்காது.

கரியமில வாயுவோட ஒப்பிட்டா, 20 வருஷ கணக்குல மீத்தேன் 80 மடங்குக்கு மேல பூமியை சூடாக்குது. அதே சமயம் ஒரு 12 வருஷத்துல அதுல பெரும்பகுதி காத்துல இருந்து கரைஞ்சும் போயிடுது. அதாவது இன்னைக்கு குறைச்சா நம்ம பிள்ளைங்க காலேஜ் முடிக்கறதுக்குள்ள பலன் தெரிஞ்சுடும், இப்படி சீக்கிரம் பலன் தர்ற வேலை சூழல் விஷயத்துல ரொம்ப கம்மி.

இப்ப எப்படி கணக்கு போடறாங்கன்னா, இத்தனை டன் குப்பை, இத்தனை மாடு, இத்தனை ஏக்கர் நெல்லுன்னு எடுத்துகிட்டு ஒரு எண்ணால பெருக்கிடறாங்க. ஒரு ஆபீஸ்ல நேர்ல போய், எங்க மேட்டுல எவ்வளவு மீத்தேன் வருதுன்னு மிஷின் வச்சு அளந்திருக்கீங்களான்னு கேட்டேன், அதெல்லாம் கணக்கு இருக்கும்மா, மனு எழுதிக் குடுத்துட்டு போங்கன்னாங்க. குடுத்தேன், பதிலே இல்ல. வெளிநாட்டு சேட்டிலைட் மேல இருந்து பாத்து சொல்லும்னு காத்திருக்கறதும் சரியா வராது, மீத்தேன்சாட்னு ஒண்ணு 2024 மார்ச்ல அனுப்பினாங்க, 2025 ஜூன்ல தொடர்பே அறுந்து போச்சு.

அதனால நம்ம சட்டசபையில ஒரு சட்டம் கொண்டு வரணும்னு கேக்கறேன், மீத்தேனை நேரடியா அளந்து ஆராய்ச்சி பண்றது அரசாங்கத்தோட கடமைன்னு அதுல எழுதணும். திட்டம்னு அறிவிச்சா ஃபண்ட் இல்லன்னு ரெண்டு வருஷத்துல மூடிடுவாங்க, சட்டத்துல இருந்தா ஒவ்வொரு பட்ஜெட்லயும் பணம் ஒதுக்கித்தான் ஆகணும். அமெரிக்காவுல 2022ல எண்ணெய், எரிவாயு கம்பெனிங்க அளவுக்கு மேல மீத்தேன் விட்டா டன்னுக்கு 900 டாலர்ல இருந்து கட்டணும்னு சட்டம் போட்டாங்க, ஆட்சி மாறின உடனே 2025ல அத 2034க்கு தள்ளி வச்சுட்டாங்க. கட்டணத்தை தள்ளி வைக்கலாம், ஆனா அளந்து மக்கள் பார்வைக்கு போட்ட எண்ணை யாரும் திரும்ப எடுத்துக்க முடியாது, அதனாலதான் முதல்ல அளங்கன்னு சொல்றேன்.

விவசாயிங்க பயப்படுவாங்க, அது நியாயம்தான். தண்ணி நிக்கற நெல் வயல்லயும் மாட்டு வயித்துலயும்தான் நம்ம நாட்டோட மீத்தேன்ல பெரும்பகுதி வருது, 2021ல கிளாஸ்கோவுல நடந்த உலக பருவநிலை மாநாட்டுல 2030க்குள்ள 30 சதவீதம் குறைக்கறோம்னு பல நாடுங்க சேந்து உறுதி எடுத்தப்போ இந்தியா சேராததுக்கும் இதுதான் காரணம். இந்த ஆராய்ச்சிய காட்டி எந்த விவசாயி மேலயும் வரியோ அபராதமோ போடக்கூடாதுன்னு சட்டத்துலயே எழுதிடுங்க. நம்ம தாத்தா காலத்துல இருந்து காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விடணும்னு சொல்வாங்க, வயலை அப்பப்ப காயவிட்டு பாய்ச்சினா மீத்தேன் நல்லாவே குறையும், தண்ணியும் மிச்சம். எந்த மண்ணுக்கு எத்தனை நாள் காயவிடலாம்னு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் டெல்டா வயல்லயே அளந்து சொல்லட்டும், மகசூல் குறையலன்னு கண்ணால பாத்தா விவசாயி தானா செய்வாரு.

சென்னைக்கு அண்ணா யுனிவர்சிட்டி, ஐஐடி ரெண்டும் இருக்கு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல வர்ற வாயுவுல இருந்து ஏற்கனவே கரண்ட் எடுத்துகிட்டுதான் இருக்காங்க, அதே வாயுவும் ஹைட்ரஜன் சல்பைடு மாதிரி விஷ வாயுங்களும் பாதாள சாக்கடையில தேங்கி நிக்கறதால மேன்ஹோல்ல இறங்கறது உயிருக்கே ஆபத்தா இருக்கு, அங்கயும் கருவி வைக்கணும், மனுஷன இறக்கறதுக்கு பேச்சே இருக்கக்கூடாது.

இன்னொரு அவசரமும் இருக்கு. கொடுங்கையூர்ல பயோமைனிங்னு பழைய குப்பையை தோண்டி பிரிச்சு எடுக்கற வேலை நடக்குது. தோண்டி முடிச்சுட்டா அந்த மேட்டுல இருந்து எவ்வளவு வந்துச்சுன்னு அப்புறம் யாராலயும் அளக்க முடியாது. சட்டம் வர்றதுக்கு நாளாகும்னா, அதுவரைக்கும் ஒரே ஒரு கருவியாவது இந்த மழைக்கு முன்னாடி இங்க கொண்டு வந்து வைங்க. வைக்க இடம் இல்லன்னா எங்க மொட்டை மாடி இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடுங்கையூர், சென்னை