மாதிரி வினாத்தாள் பக்கத்தில பாதியை பரிசோதனைக்கு விடுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில தரம் 5 புலமைப்பரிசில் சோதனைக்கான மாதிரி வினாத்தாள் வாறது நல்ல விசயம், நாங்களும் வெட்டி எடுத்து வைக்கிறனாங்கள். ஆனா அந்தப் பக்கத்தில பாதியை, சின்ன வகுப்புப் பிள்ளையள் தங்கட கையால செய்து பாக்கிற விஞ்ஞான வேலையளுக்கு விடுங்கோ எண்டு கேக்கத்தான் இதை எழுதுறன்.

ஆரம்பப் பிரிவில சுற்றாடல் பாடம் இருக்குத்தான், ஆனா தரம் 4 வந்தாச்செண்டா டியூஷன், பாஸ்ட் பேப்பர், 200க்கு எத்தனை எடுக்கும் எண்ட கதைதான். செய்முறை எண்டு ஏதும் வந்தாலும் ஒப்படையா வீட்டுக்கு வந்திடும், வீட்டில ஆர் செய்யிறது, அம்மா அப்பாதான். இல்லாட்டி கடையில காசு குடுத்தா எரிமலையும் சூரியக் குடும்பமும் ரெடிமேடா செய்து தருவினம், பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய் மாக்ஸ் வாங்கிக்கொண்டு வரும். அதில பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்கும்?

பெரிய சாமான் ஒண்டும் தேவையில்லை. ரெண்டு புத்தகத்துக்கு நடுவில ஒரு ஏ4 தாளைப் பாலம் மாதிரி வையுங்கோ, ஒரு அழிறப்பர் வைச்சாலே தொங்கிப்போகும். அதே தாளை விசிறி மாதிரி நெருக்கமா மடிச்சு, மடிப்பு இந்தப் புத்தகத்தில இருந்து அந்தப் புத்தகத்துக்குப் போற மாதிரி வைச்சிட்டு சில்லறைக் காசை ஒவ்வொண்டா அடுக்கச் சொல்லுங்கோ. என்ர மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஒரு பின்னேரம் முழுக்க இதோடயே இருந்தவை, மடிப்பை அகலமாக்கினா கெதியா விழுது, ஓரம் விரிஞ்சா அப்பிடியே படுக்குது எண்டு தாங்களே கண்டுபிடிச்சினம். பிறகு மகள் கீழ் வீட்டுக் கூரைத் தகரத்தைக் காட்டி, அம்மா இதுவும் அதுக்குத்தானே நெளிச்சிருக்கினம் எண்டு கேட்டவள். ஓம், அதே காரணம்தான், தகடு மெல்லிசெண்டாலும் அந்த நெளிவுதான் வளைய விடாமத் தாங்குது. டியூஷனில குடுக்கிற ஒரு டியூட்டும் அவளுக்கு இந்தக் கேள்வியைக் கொண்டு வந்திருக்காது.

இன்னொண்டு, லண்டனில இருக்கிற எங்கட சொந்தக்காரப் பிள்ளையளுக்கு அங்க இருந்துகொண்டு செய்யவே ஏலாதது. வருசத்தில ரெண்டு தரம், ஏப்ரல் முதல் பாதியிலயும் செப்டம்பர் முதல் கிழமையிலயும், சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில வரும். ஏப்ரலில வளிமண்டலவியல் திணைக்களம் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு எண்டு அறிவிக்கும், பேப்பரிலயும் வரும், வெக்கை கூடும் தண்ணி குடியுங்கோ எண்டதோட அந்தச் செய்தி முடிஞ்சிடும். ஏப்ரலில புதுவருச லீவு வந்திடும், செப்டம்பர் எண்டா மத்தியானம் 12.10 அளவில, பள்ளிக்கூடம் விட முன்னம். முற்றத்தில ஒரு போத்திலை நிமித்தி வைச்சு, காலமையில இருந்து அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிழலின்ர நுனியைச் சோக்கால குறிச்சுக்கொண்டு வந்தா, நிழல் சுருங்கிச் சுருங்கி கடைசியில போத்திலுக்கு அடியிலயே போயிடும். ஜூனில அதே போத்திலின்ர மத்தியான நிழல் தெற்குப் பக்கம் விழும், டிசம்பரில வடக்குப் பக்கம். சூரியனை மட்டும் நேரா பாக்க விடக்கூடாது, நிழலைப் பாத்தாப் போதும்.

கொழும்பில ரோபோட்டிக்ஸ் கிளாஸுக்குக் குறைவில்லை, காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை போகும். கொட்டாஞ்சேனையில தோட்டம் எண்டு சொல்லுற நெருக்கமான குடியிருப்புகளில ஒரே அறைக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு பேப்பரில வாறதுதான் கிடைக்கும், அதனாலதான் உங்களிட்டக் கேக்கிறன்.

ஒரு வேண்டுகோள், விடையைச் சேர்த்துப் போடாதேயுங்கோ. என்ன தேவை, எப்பிடிச் செய்யிறது எண்டது மட்டும் போதும். நடந்ததைப் பிள்ளையளை எழுதி அனுப்பச் சொல்லுங்கோ, சரிவராமப் போனதையும் பிரசுரியுங்கோ, மாக்ஸ் பரிசு ஒண்டும் வேண்டாம். போத்தில் நிழலை ஓகஸ்டிலயே போட்டியளெண்டா டீச்சர்மாரும் வகுப்பில செய்ய ஆயத்தப்படுத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வெள்ளவத்தை, கொழும்பு 6