ஆண்டறிக்கை: ஆப்பிரிக்கப் பழமொழிகளும் கதைகளும்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வாசகர் வட்டத்தின் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் ஆப்பிரிக்கப் பழமொழிகளுக்கும் நாட்டுப்புறக் கதைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. எந்த மக்கள், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார்கள் என்பது தெரியாமல் 'ஆப்பிரிக்கப் பழமொழி' என்ற பொதுப்பெயரோடு மட்டும் வரும் எதையும் விவாதத்துக்கு எடுப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே நெறி வகுத்துக்கொண்டோம். கைப்பேசியில் உலவும் வாசகங்களில் பெரும்பகுதி இதனால் கழிந்துபோனதில் உறுப்பினர் சிலருக்கு மனக்குறை உண்டு. எனினும் கூட்டங்கள் செறிவாக அமைந்ததற்கு இந்நெறியே காரணம் என்பது செயற்குழுவின் கருத்து.

மிகுதியாகப் பேசப்பட்டது, தென்கிழக்கு நைஜீரியாவின் அனாங் மக்களுடைய வழக்குமன்றங்களைப் பற்றி மானிடவியலாளர் ஜான் மெசெஞ்சர் 1959இல் வெளியிட்ட கட்டுரை. அதில் வரும் திருட்டு வழக்கொன்றில், "குலையிலிருந்து எண்ணெய்ப்பனங்காய் பறிக்கும் நாய் முள்ளம்பன்றிக்கு அஞ்சாது" என்கிறார் வாதி; முள் நிறைந்த குலைக்கே அஞ்சாதவன் எதற்கும் துணிவான் என்று, எதிராளியின் பழைய திருட்டுகளை அவர் பெயர் சொல்லாமலே அவைக்கு நினைவூட்டிவிடுகிறார். அவை தனக்கு எதிராகத் திரும்பியதைக் கண்ட எதிராளி, "தனியாகப் பறக்கும் கௌதாரி புதரில் தடம் விடாது" என்று விடை தருகிறார். கூட்டமாகச் செல்லும் கௌதாரிகளை மடிந்த புல்லே காட்டிக்கொடுக்கும். தனக்கோ பரிந்து பேச ஒருவரும் இல்லை, ஆகவே பழையதை மறந்து இவ்வழக்கை மட்டும் பாருங்கள் என்பது அவர் வேண்டுகோள். அவர் விடுதலையானார். பழமொழி சான்றாகிவிடுமா என்று வழக்கறிஞரான உறுப்பினர் எழுப்பிய ஆட்சேபம் அடுத்த கூட்டம் வரை நீண்டது. அது சான்றல்ல, சான்றை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று அவைக்குச் சொல்லும் வழி என்பதே என் எண்ணம்.

கானாவின் அக்கான் மக்களிடம் பழமொழி வாயோடு நிற்பதில்லை என்பதை அடுத்துப் பார்த்தோம். தங்கத்தூளை நிறுக்கும் பித்தளை எடைகளையே பல பழமொழிகளை நினைவூட்டும் உருவங்களாக வார்த்தனர். மன்னர் சார்பில் பேசுபவர் ஏந்தும் கோலின் முனையில் முட்டையைப் பிடித்த கை இருப்பதுண்டு. அதிகாரம் என்பது இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும் என்று பொருள். இம்மக்களின் மொழியில் வழங்கிய ஏறத்தாழ 3,600 பழமொழிகளை மதபோதகர் கிறிஸ்டாலர் 1879இலேயே தொகுத்து அச்சிட்டுள்ளார்.

கதைகளில் அனான்சி என்னும் சிலந்தியே எங்களை ஆட்கொண்டது. வானக்கடவுள் நியாமேயிடமிருந்து கதைகளை வாங்க, அது மலைப்பாம்பையும் சிறுத்தையையும் குளவிகளையும் பிடித்துக் கொடுத்தாக வேண்டும். குளவிக்கூட்டின்மேல் நீரைத் தெளித்து, மழை வருகிறது, சுரைக்குடுக்கைக்குள் ஒதுங்குங்கள் என்று அழைத்து வாயை மூடிவிடுகிறது. ஏமாற்றுக்காரனைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தலாமா என்று ஆசிரியர்களான உறுப்பினர்கள் கேட்டது நியாயமே. ஆனால் 1930இல் இக்கதைகளை வெளியிட்ட ராட்ரே, கதைசொல்லி தொடங்கும்போதே இது மெய்யன்று என அறிவித்துவிடுவதையும், வழக்கமாகப் பழிக்கக் கூடாதவர்களைக் கூட அக்கதைக்குள் எள்ளி நகையாட இடமிருப்பதையும் பதிவுசெய்திருக்கிறார். அனான்சி பின்பற்றத்தக்க நாயகன் அல்ல. வலியோரைப் பார்த்து எளியோர் சிரித்துக்கொள்ள வழிசெய்பவன். அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களோடு ஜமைக்காவுக்குச் சென்ற பின்னும் அவன் மறக்கப்படாததற்கு இதுவும் காரணமாகலாம்.

கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் கங்கா துணியில் அச்சாகும் சுவாஹிலி வாசகங்களைப் பற்றி ஒரு கூட்டமே நடத்த முடிந்தது. நேரில் சொல்ல இயலாததை அண்டை வீட்டாருக்கோ கணவருக்கோ உடையாலேயே உணர்த்தும் அவ்வழக்கத்தை வரும் ஆண்டில் விரிவாக எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்