வயிறு ஆறிவிடும், காலைக் கவனி

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்தது. பேரன் பிடிக்காமல் நடக்கிறான், மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ‘அடுத்த மாதம் டம்மி டக், அதாவது வயிற்றைத் தட்டையாக்கும் அறுவை, செய்துகொள்கிறேன்’ என்பதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய். 56 வயதில் இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்களாம். அது உன் உடம்பு, உன் முடிவு. அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஆறுமா, எப்படி ஆறும் என்று கேட்டாயே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆறும். ஆனால் முப்பது வயதுக்காரி எழுதிவைத்த நாட்கணக்கை எடுத்து உன் காலண்டரில் ஒட்டாதே. மாதவிடாய் நின்ற பிறகு தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைகிறது, தோல் மெலிகிறது, புண் ஆறுவது கொஞ்சம் தாமதமாகும். தசையும் குறைந்திருக்கும், நாலு நாள் படுத்தால் கால் தள்ளாடும். இந்த வயதில் ஒரு லாபமும் உண்டு: இளம் வயதுத் தழும்புபோல் தடித்துச் சிவந்து நிற்காமல், பலருக்கு மெல்லிய கோடாக அடங்கிவிடும். டாக்டர்கள் பயப்படுவது வயது என்ற எண்ணுக்காக அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, நிகோட்டின், தினம் விழுங்கும் மாத்திரைகள் ஆகியவைதான் அவர்களின் கவலை.

உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் பிறகு சொல்வதெல்லாம் எளிதில் புரியும். இடுப்பின் ஒரு எலும்பிலிருந்து மறு எலும்புவரை அடிவயிற்றில் கீறி, தோலையும் கொழுப்பையும் விலா எலும்புவரை தசையிலிருந்து பிரித்துத் தூக்குவார்கள். பிரசவத்தில் விலகிய இரண்டு நேர்த்தசைகளையும் நடுவில் இழுத்துத் தைப்பார்கள். மிஞ்சிய தோலை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புதிதாக ஒரு துளை போட்டு வெளியே எடுப்பார்கள். இதனால் மூன்று விஷயம் நடக்கிறது. தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது, அதில் நீர் சேரப் பார்க்கும். தசையை இறுக்கியதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, மூச்சு மேலோட்டமாகிறது, கால்களிலிருந்து ரத்தம் திரும்புவது மந்தமாகிறது. கீழிருந்து தோலுக்கு வந்த ரத்தக் குழாய்கள் அறுபடுவதால், தையலின் நடுப்பகுதிக்குத்தான் ரத்தம் ஆகக் குறைவாகப் போகிறது. பின்னால் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றிலிருந்து கிளம்புபவைதான்.

இதில் எல்லாரும் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ காலைப் பார். கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போவதுதான் இந்த அறுவையில் உயிருக்கு ஆபத்தானது. அழகுக்காகச் செய்யும் மற்ற பல அறுவைகளைவிட இதில் அந்த வாய்ப்பு அதிகம். இதை அளக்கக் கப்ரினி என்று ஒரு மதிப்பெண் முறை உண்டு. 41 முதல் 60 வயதுக்கு 1, முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும் அறுவைக்கு 2, உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 25-ஐத் தாண்டினால் 1, ஹார்மோன் மாத்திரைக்கு 1, காலில் நரம்புச் சுருட்டல் இருந்தால் 1. உனக்குக் கூட்டிப் பார்: சுருட்டலைச் சேர்க்காமலே 5 வருகிறது. இது சும்மா விடும் எண் அல்ல. ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி எனக்கு வேண்டுமா, எத்தனை நாள் என்று நேரடியாகக் கேள். ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசியும் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பதால் இரண்டையும் எடை போட்டுத்தான் சொல்வார்கள்.

ஊசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்று மாலையோ மறுநாள் காலையோ யாரையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். பிறகு விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடை. படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டு, மணிக்குப் பத்து தடவை. அதே கையோடு பத்து முறை ஆழ மூச்சு இழு, இல்லையென்றால் நுரையீரலின் அடியில் சளி கட்டும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பதில் மட்டும் கவனம்: இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்க வேண்டும் என்பது சரி, ஆனால் ஒரே மடிப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் அங்கேயே ரத்தம் தேங்கும்.

படுக்கை விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்து, முழங்கால் சற்று மடங்கிய நிலையில் மல்லாந்து படுக்க வேண்டும். தையலில் இழுப்பு விழக் கூடாது என்பதற்காக. சாய்வு நாற்காலி இருந்தால் முதல் வாரம் அதிலேயே தூங்குகிறவர்கள் நிறைய. எழும்போது வயிற்றை மடக்கி நிமிரவே கூடாது. பக்கவாட்டில் ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையால் ஊன்றி உட்கார். அப்படியே இரண்டு நிமிடம் இரு. ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் தலை சுற்றும். நடக்கும்போது ஐந்து முதல் பத்து நாள் கூனித்தான் நடப்பாய். வலுக்கட்டாயமாக நிமிராதே, தானாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நிமிரும். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் வாரத்தில் பலருக்கு வயிற்றைவிட முதுகுதான் வலிக்கும். கைப்பிடி உள்ள நாற்காலியும் கழிப்பறையில் உயரமான இருக்கையும் முன்கூட்டியே தயாராக இருந்தால் பாதிக் கஷ்டம் போய்விடும்.

கழிப்பறை என்றதும் ஞாபகம் வருகிறது, மலச்சிக்கலைப் பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மயக்க மருந்தும் கடும் வலி மாத்திரையும் குடலை உறங்க வைக்கும். மூன்றாம் நாள் முக்கினால், புதிதாகத் தைத்த தசைமேல்தான் அந்த முக்கல் விழும். வயிறு உப்பி, ‘அறுவை தப்பாகிவிட்டதோ’ என்று அழுகிறவர்களில் பலருக்கு இருப்பது வெறும் வாயுதான். மலமிளக்கியை வலி மாத்திரை தொடங்கும் அன்றே தொடங்கச் சொல்லிக் கேள். சிக்கல் வந்த பிறகு கொடுத்தால் தாமதம்தான். தண்ணீர் தாராளமாகக் குடி. இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்.

வலி முதல் மூன்று நான்கு நாள் கடுமை, அதற்குப் பிறகு இறங்குமுகம். வலி ஏறிய பிறகு மாத்திரை தேடாமல், டாக்டர் எழுதிய இடைவெளியில் மணி பார்த்துப் போடு. பாரசிட்டமால் ஒரு நாளைக்கு மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது; சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும் என்பதை மறக்காதே. இபுபுரோஃபென் வகையை நீயாகச் சேர்க்காதே. உன் ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஒத்துவருமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டிரெயின் குழாயைப் பார்த்துப் பயப்படுகிறாய் என்று தெரிகிறது, ஒரு பத்தி முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறாய். வெற்றிடத்தில் சேரும் நீரை உறிஞ்சி எடுக்கும் மெல்லிய குழாய், நுனியில் அமுக்கிவிட்டால் இழுக்கும் குடுவை. ஒன்றோ இரண்டோ வைப்பார்கள். சில டாக்டர்கள் தோலை உள்ளேயே தசையோடு பல இடங்களில் தைத்து வெற்றிடத்தை அடைத்துவிடுவதால் குழாயே வைப்பதில்லை. வைத்தால், பாதி நிறைந்ததுமே காலி செய். நிறைய விட்டால் இழுக்கும் சக்தி போய்விடும். கையைக் கழுவி, அளவுக் குவளையில் ஊற்றி, மில்லியும் நிறமும் நேரமும் எழுதி, குடுவையை அமுக்கி காற்றை வெளியேற்றிவிட்டு மூடு. குழாயில் கட்டி அடைக்காமலிருக்க, தோலுக்கு அருகே ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையின் விரல்களால் குடுவைப் பக்கமாக வழித்துவிடு. பிடிக்காமல் வழித்தால் குழாய் தையலோடு சேர்ந்து இழுபடும். நிறம் சிவப்பிலிருந்து ரோஜாவாகி வைக்கோல் மஞ்சளுக்கு வரும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் எடுப்பது பொதுவான வழக்கம். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம். மஞ்சளாக இருந்தது திடீரென்று பளிச்சென்ற சிவப்பானாலோ, ஓட்டம் சட்டென்று நின்று வயிறு வீங்கினாலோ, உடனே கூப்பிட்டுச் சொல்.

குழாயை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஆடித் திரிகிறவர்களுக்கு இரண்டாம் மூன்றாம் வாரத்தில் செரோமா, அதாவது உள்ளே நீர் தேங்குவது, வரும். வயிற்றைத் தட்டினால் தண்ணீர்ப்பை மாதிரி அலையடிக்கும். இந்த அறுவையில் அடிக்கடி வருகிற சிக்கலே அதுதான். ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள், அந்த இடம் மரத்திருப்பதால் பெரிதாக வலிக்காது. சிலருக்கு ஒருமுறை போதாது. தானாக வற்றும் என்று விட்டால் சுற்றிலும் ஒரு உறை கட்டிக்கொள்ளும், பிறகு எடுப்பது சிரமம்.

அழுத்த உடை நாலு முதல் ஆறு வாரம். இறுக்கமாக இருந்தால்தான் இடை சிறுக்கும் என்பது தவறான நினைப்பு. உடைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதிகம் இறுகினால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த தையலோரத் தோல் இன்னும் பட்டினி கிடக்கும், காலுக்கும் கெடுதல். உட்காரும்போது மேல்விளிம்பு சுருண்டு கயிறுபோல் வெட்டுகிறதா என்று பார். துணியில் மடிப்பு விழுந்தால் தோலிலும் அதே மடிப்பு பதியும். துவைத்து மாற்ற இரண்டு வேண்டும்.

மரத்துப்போவதைப் பற்றி உன் பட்டியலில் கேள்வியே இல்லை, அதனால் நானே சொல்கிறேன். தொப்புளுக்குக் கீழே பல மாதம் உணர்ச்சி இருக்காது. கொஞ்ச இடத்தில் திரும்பாமலே போகலாம். வெந்நீர்ப் பை, சூடேற்றும் பட்டை எதையும் அங்கே வைக்காதே. சுடுவது தெரியாமல் கொப்புளம் போட்டு, அதைப் பார்த்த பிறகுதான் தெரியவரும். பனிக்கட்டிக்கும் இதே தடை.

வீக்கம் காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கும். உப்பைக் குறைத்தால் வித்தியாசம் தெரியும். மூன்றாம் மாதத்தில் பெரும்பகுதி வடியும், கடைசி உருவம் வர ஆறிலிருந்து பன்னிரண்டு மாதம். தழும்புக்குச் சற்று மேலே உள்ள திண்டு கடைசியில்தான் போகும். முதல் மாதம் எடை பார்க்கும் கருவியைப் பரண்மேல் போடு. ஏற்றிய திரவமும் வீக்கமும் சேர்ந்து எடையைக் கூட்டித்தான் காட்டும், உன் மனநிலைக்கு அது ஆகாது. புரதம் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம், அதாவது உன் 65 கிலோவுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு வேறு.

பேரனுக்கு வருகிறேன். ஒரு வயதுப் பிள்ளை ஒன்பது பத்து கிலோ இருப்பான். உனக்கு ஆறு வாரத்துக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கத் தடை. ஆகவே நீ உட்கார்ந்துகொள், அவனை வேறு யாராவது தூக்கி உன் பக்கத்தில் விடட்டும். மடியில் குதிக்க விடாதே. கார் ஓட்ட இரண்டு மூன்று வாரம்: கடும் வலி மாத்திரை நின்றிருக்க வேண்டும், பிரேக்கை ஓங்கி மிதித்தால் வயிறு இழுக்கக் கூடாது. வயிற்றுத் தசைக்கான பயிற்சி எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு, அதுவும் டாக்டர் சரியென்றால். குளத்திலோ தொட்டியிலோ முங்குவது தையல் முழுக்க மூடிய பின்தான்.

தையலோரத்தில் ஒன்றிரண்டு மாதத்தில் வெள்ளைப் பரு போல ஒன்று முளைத்தால் பதறாதே, உள்தையல் நூல் வெளியே வரப் பார்க்கிறது. நீயாகப் பிடுங்காமல் காட்டு. நடுவில் தோல் கறுத்தால் அது வேறு, அன்றே காட்ட வேண்டும். தழும்புக்கு சிலிகான் பட்டையோ ஜெல்லோ, புண் நன்றாக மூடிய பிறகு, குறைந்தது மூன்று மாதம். ஒரு வருடம் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம்: இவற்றுக்கு டாக்டரின் போனுக்காகக் காத்திருக்காதே, நேராக அவசரப் பிரிவு. முதல் இரண்டு நாளில் வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் மளமளவென்று வீங்கி இறுகினாலும் அப்படியே. 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றமுள்ள கசிவு என்றால் அன்றே தெரிவி.

இப்போது உடனே செய்ய வேண்டியது உன் மாத்திரைகளை முழுப் பட்டியலாக எழுதுவது. ஹார்மோன் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் இ, மூலிகைப் பொடி எல்லாம். எடை குறைய வாரம் ஒரு ஊசி போடுவதாக முன்பு எழுதினாயே, அதையும் சேர். அது வயிறு காலியாவதைத் தாமதிக்கும், மயக்க மருந்து டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். எதையும் நீயாக நிறுத்தாதே, எதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்கு. வீட்டில் யாராவது புகைத்தால் அறுவைக்கு நாலு வாரம் முன்பிருந்து பின் நாலு வாரம்வரை உன் அருகே வேண்டாம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று நீ எழுதவில்லை. அந்த எண்ணும், ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி பற்றி டாக்டர் சொன்ன பதிலும் அடுத்த கடிதத்தில் வரட்டும்.

அன்புடன்,
தேவி