ஞாயிற்றுக்கிழமை மேட்ச் ஆடத் துடிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தலையில் அடிபட்டதற்கு எடுத்த ஸ்கேன் நார்மல், அதனால் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மேட்ச்சில் இறங்கப்போகிறேன் என்று நீ சொன்னதாக அம்மா போனில் சொன்னாள். இறங்காதே.

மூளையில் ரத்தக் கசிவோ மண்டையோட்டில் விரிசலோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் சி.டி. எடுத்தார்கள். இரண்டும் இல்லை, பெரிய நிம்மதி. ஆனால் கன்கஷன், அதாவது அடியின் அதிர்ச்சியில் மூளையின் வேலை தற்காலிகமாகக் குழம்புவது, அந்தப் படத்தில் தெரியாது. அடியின் குலுக்கலில் மூளைச் செல்களில் சோடியம், பொட்டாசியம் சமநிலை குலைந்துபோகிறது. அதைச் சீராக்க நிறைய சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். வெளிச்சம் கூசுவதும், படித்த பக்கத்தையே நீ மறுபடி படிப்பதும், அம்மாவிடம் எரிந்து விழுவதும் அதனால்தான்டா.

2019 ஆஷஸ் தொடரின் லார்ட்ஸ் டெஸ்ட் நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து கழுத்தில் பட்டு ஆஸ்திரேலியாவின் ஸ்மித் சாய்ந்தார். பரிசோதனையில் தேறி, அதே இன்னிங்ஸில் திரும்பி வந்து 92 ரன் வரை போனார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார், டெஸ்ட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரராக. அடுத்த ஹெடிங்லி டெஸ்ட்டிலும் ஸ்மித் இல்லை. அதற்கடுத்த ஓல்ட் டிராஃபோர்டில் 211 அடித்தார். ஆஷஸ் டெஸ்ட்டையே விட்டிருக்கிறார், நம் லீக் மேட்ச் எம்மாத்திரம்?

ஜன்னலைச் சாத்தி உன்னைப் படுக்கவைத்திருக்கிறாளாம் அம்மா. முதல் ஒன்றிரண்டு நாளுக்கு ஓய்வு சரி. அப்போது போனையும் தள்ளி வை. அதற்குப் பிறகும் இருட்டறையில் கிடந்தால் குணமாவது தாமதம்தான் ஆகும். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய கன்கஷன் நிபுணர்களின் மாநாடும் சீக்கிரமே நடக்கத்தான் சொல்கிறது. நட. தலைவலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று நீயே மார்க் போட்டுக்கொள். நடக்கும்போது ஒரு மார்க் ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பயமில்லை. இரண்டுக்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு, மறுநாள் குறைவாக நட. தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. பைக் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிடு.

முதலில் காலேஜ் பாடம் சிரமமில்லாமல் ஓடட்டும். பிறகு லேசான ஓட்டம், தனியாக ஃபீல்டிங் பயிற்சி என்று போகலாம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். வேகமாக ஓடினாலும் எந்த அறிகுறியும் வரவில்லை என்று ஆன பிறகுதான் நெட்ஸில் லெதர் பந்து, அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. பெரும்பாலோருக்கு இதெல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அபூர்வமாக, உன் வயதுப் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. எனக்கு அந்தப் பயம்தான்.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பியும் எழ முடியாத மயக்கம் வந்தாலோ உடனே 108. அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அடிபட்ட ஹெல்மெட்டை யாருக்கும் கொடுத்துவிடாதே. வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதன் வேலை முடிந்தது. புதிது நான் வாங்கித் தருகிறேன். கேப்டனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நம்பரை அனுப்பு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா