செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஈரோட்டுக் கணினித் தொழில் நண்பர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தலைவரின் அனுமதியோடு, இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஓர் இரங்கலுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

இந்தியாவில் கணினிக் கல்விக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வி. ராஜாராமன் 2025 நவம்பர் 8 அன்று பெங்களூருவில் காலமானார், வயது 92. 1933-இல் அவர் பிறந்தது நம் ஈரோட்டில். பள்ளி, கல்லூரிப் படிப்பெல்லாம் தில்லியில். ஆகவே ‘எங்க ஊர்க்காரர்’ என்று நாம் உரிமை கொண்டாடுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆனால் அவரிடம் நாம் பட்ட கடன் வேறு வகையானது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் தகவல்தொடர்புப் பொறியியல் படித்தவர், அங்கேயே அனலாக் கணினி (எண்களுக்குப் பதில் மின்னழுத்த அளவுகளைக் கொண்டு கணக்கிடும் எந்திரம்) வேலையில் இறங்கினார். பிறகு அமெரிக்காவில் எம்.ஐ.டி.; அங்கேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1961-இல் முனைவர் பட்டம். நாடு திரும்பிக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். 1963-இல் அங்கே ஐ.பி.எம். 1620 என்ற கணினி வந்து இறங்கியது. அந்த எந்திரத்துக்குக் கூட்டல் கணக்கைச் சுயமாகப் போடத் தெரியாது. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பையனைப் போல, நினைவகத்தில் ஏற்றிவைத்த அட்டவணையைப் பார்த்துத்தான் விடை சொல்லும். அதை வைத்துக்கொண்டு, நாட்டின் பல பக்கங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் பத்து நாள் வகுப்பு நடத்தி ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியைக் கற்பித்தார்கள். எந்திரம் வாங்கிய கையோடு அதைப் பூட்டிவைக்காமல், வந்தவர்களையெல்லாம் தொடவிட்டதுதான் பெரிய காரியம் என்பேன். 1965-இல் கணினி அறிவியலில் எம்.டெக். பாடத்திட்டம் அங்கே தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவருடைய நிரலாக்கப் பாடநூல் 1969-இல் வெளிவந்தது. மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் இந்தியப் பதிப்பாகப் புத்தகம் வரவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பட்நாகர் விருது, 1998-இல் பத்ம பூஷண், பெங்களூருவில் சூப்பர் கணினி மையத்தை வளர்த்தது எல்லாம் செய்தித்தாள்களில் வந்துவிட்டன. நமக்கு முக்கியமானது எம்.சி.ஏ. என்ற கணினிப் பயன்பாட்டு முதுநிலைப் படிப்பு. கணினித் துறைக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று ஆராய்ந்த அரசுக் குழுவுக்கு அவர் தலைமை வகித்தார். அந்தக் குழுவின் பரிந்துரையில் பிறந்த படிப்புதான் அது. பொறியியல் சீட்டு கிடைக்காத பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளுக்கும் இந்தத் துறைக்குள் வழி திறந்தது. இந்த அரங்கில் எம்.சி.ஏ. படித்தவர்கள் கை தூக்கினால், இல்லாதவர்களை எண்ணுவது சுலபமாக இருக்கும். மில் கணக்கு, மஞ்சள் மண்டி பில்லிங், ஜவுளிக் கடை மென்பொருள் என்று நாம் பிழைப்பது அந்தக் கதவு வழியே வந்ததால்தான்.

அவர் நினைவாகப் படம் திறக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். செயற்குழு வேறுவிதமாக முடிவெடுத்தது. கோடை விடுமுறையில், பொறியியல் படிக்காத கல்லூரி மாணவர்களுக்குப் பத்து நாள் நிரலாக்க வகுப்பு, கட்டணம் இல்லை. பாடம் நடத்த முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்கலாம். பழைய மடிக்கணினி தருவோர் சார்ஜரையும் சேர்த்துத் தாருங்கள்.

சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வெளியே போகுமுன் பொருளாளரைப் பார்க்கவும். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்